சிறிய கமராவும் சீரிய ஆற்றலும்

மூர்த்தி சிறிதெனினும் கீர்த்தி பெரிது என்பது நம்மிடையே வழங்கும் முதுமொழி. அதற்குச் சான்றாக நிற்கும் பொருள்களுள் கமராவும் ஒன்றாகும். ஒரு கையில் அடங்கும் கருவி, பெருங்கருவியின் தொழில்களையெல்லாம் குறைவின்றிச் செய்யுமாயின் அதனை விரும்பாதார் யாவர்? ஆயின் அவ்விருப்பம் அழகு பற்றியது மட்டுமன்று. எப்படம் எடுக்கப்படும், எப்படம் எடுக்கப்படாமற் போகும் என்பதைப் பல வேளைகளிற் கருவியின் பாரமே முடிவு செய்கின்றது. இதனை வரலாற்று வழியாக ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முற்காலத்துக் கமரா மரப்பெட்டியும் முக்காலியும் கண்ணாடித் தட்டுகளும் உடையது. பெரிய படம் வேண்டின் பெரிய தட்டு வேண்டும். பெரிய தட்டுக்குப் பெரிய பெட்டி வேண்டும். இத்தளையை அறுத்தவருள் தலையாயவர் ஒஸ்கார் பார்னாக் என்னும் ஜேர்மானியர். வெற்ஸ்லார் நகரில் நுணுக்குக்காட்டிகள் செய்துவந்த லைற்ஸ் நிறுவனத்தில் 1911இற் சேர்ந்த அவர் ஈளை நோயினால் வருந்தியவர். பாரமான கருவியைச் சுமந்து செல்லுதல் அவருக்குப் பெருந்துன்பமாயிற்று. ஆகவே, நெகற்றிவ் சிறிதாயிருக்கட்டும், பின்னர் அதனைப் பெரிதாக்கிக் கொள்வோம் என்னும் கொள்கையை அவர் மேற்கொண்டார். சினிமாப் படச்சுருளின் 18 × 24 மில்லிமீற்றர்ச் சட்டத்தை இரட்டித்து 24 × 36 ஆக்கினார்.

படத்தைப் பெரிதாக்கும்போது அதன் குறைகளும் உடன் பெரிதாகும். எனவே, கருவி சிறிதாகுந்தோறும் அதன் நுட்பம் மிகுதல் வேண்டும் என்பது தெளிவு. மாக்ஸ் பெரெக் என்பார் அதற்கேற்ற கூரிய வில்லையை வகுத்தளித்தார். 1925இல் லைப்சிக் சந்தையில் 'லைக்கா' வெளிப்போந்தது. வேண்டாதபோது அதன் வில்லையை உள்ளே தள்ளிவிடலாம். வேண்டும்போது செக்கனில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரத்திற் படம் எடுக்கலாம்.

இவ்வழியில் அடுத்துப் போற்றத்தக்கவர் ஜப்பானிய நாட்டு ஒலிம்பஸ் நிறுவனத்து யொஷிஹிசா மைத்தானி. வில்லைக்குப் பின்னே ஆடியும் மேலே அரியமும் கொண்ட கமராக்கள் அந்நாளிற் பருத்தும் கனத்தும் இருந்தன. 1972இல் அவர் வெளிக்கொணர்ந்த கமராவின் உடலோ 510 கிராம் நிறையே உடையது. லைற்ஸ் நிறுவனத்தார் 'எம்-1' என்னும் பெயரை மறுத்தமையின், அது பின்னர் 'ஓஎம்-1' எனப்பட்டது. மைத்தானி எதனையும் வெட்டி எறிந்து உடலைச் சுருக்கினாரல்லர். மேற்றட்டில் இருந்த வேகத் திருகியை வில்லை பொருந்தும் வாயைச் சுற்றி வளையமாக அமைத்தார். ஆடி எழும்போது உண்டாகும் அதிர்ச்சியைத் தணிக்கக் காற்றுத் தடுப்பான் ஒன்றை வைத்தார். உடல் சுருங்கியும் பார்வைத்துளையிற் காணும் காட்சி பெரிதாகவே இருந்தது. இடம் மாற்றிச் சிந்தித்தலே அவர் கையாண்ட உபாயம்.

இலக்கமுறைக் காலத்தில் அந்த ஆடியே நீங்கிற்று. ஒலிம்பசும் பனாசொனிக்கும் 2008இல் வகுத்த முறையிலே, வில்லைக்கும் உணரிக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. 2013இல் சொனி நிறுவனத்தின் 'அல்பா 7', பார்னாக் வகுத்த அதே 24 × 36 அளவுள்ள உணரியை, மின்கலத்தோடும் 474 கிராமே நிறையுள்ள உடலில் அடக்கிற்று.

எனினும் சிறுமைக்கும் எல்லையுண்டு. உணரி சிறுத்தால் அது ஏற்கும் ஒளியும் குறையும். பெரிய வில்லையைச் சிறிய உடலிற் பொருத்தினாற் சமநிலை கெடும். மின்கலம் சிறுத்தால் விரைவில் வற்றும். பொத்தான்கள் நெருங்கினால் விரல் இடறும். ஆதலின், வாங்க விரும்புவோர் நிறையை மட்டும் நோக்காது, கையிற் பிடித்துப் பார்த்தே தெரிதல் வேண்டும். கைத்தொலைபேசியும் படம் எடுக்குமே எனின், உண்மை. ஆயின் ஒளியின் அளவையும் நேரத்தையும் பெரும்பாலும் அதுவே தெரிவு செய்துவிடுகின்றது. நல்ல சிறு கமராவோ அத்தெரிவை நம் விரல்நுனியில் விடுகின்றது. கற்கும் மாணவனுக்கு இவ்வேறுபாடு பெரிதாகும்.

நமது பழைய குழுப்படங்களை நோக்குவோம். ஆசிரியர்கள் நடுவே அமர, மாணவர் வரிசையாய் அசையாது நிற்கின்றனர். அன்றைய பெருங்கருவி அவ்வசைவின்மையை வேண்டிற்று. ஆய்கூடத்தில் குனிந்து நின்ற மாணவன், கரும்பலகையின் முன் கை உயர்த்திய ஆசிரியர், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கிய விளையாட்டுக் குழு ஆகிய காட்சிகள் படத்தில் அரிதாகவே எஞ்சின. அவற்றைக் கண்டவர் நினைவோடு அவையும் மறையும். இன்று பையிற் சிறு கமராவுடன் வரும் மாணவர் அக்குறையை நீக்க வல்லவர். எடுத்த படத்தின் கீழ் ஆண்டையும் பெயர்களையும் அவர்கள் மறவாது எழுதி வைப்பாராயின், அடுத்த விழாமலரின் ஆசிரியர் அவர்க்குப் பெரிதும் நன்றியுடையராவர்.