எப்போது வருவார்?

பூந்தமல்லியை அடுத்த திருமழிசை, ஆழ்வார் பிறந்த ஊர். அவர் கூப்பிட்டதும் காஞ்சீபுரத்துப் பெருமாள் பாம்புப் படுக்கையைப் பாயாகச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார் என்பது கதை. எல்லோருக்கும் அப்படிக் கிடைத்துவிடுமா? காத்திருக்க வேண்டும்!

அதற்கென்றே கிறிஸ்தவர்கள் ஒரு காலம் வைத்திருக்கிறார்கள். அது "திருவருகைக் காலம்". கிறிஸ்துமசுக்கு முந்திய 4 ஞாயிறுகளிலும் வாரம் ஒன்றாக மெழுகுவத்தி ஏற்றுவார்கள். முதல் மெழுகுவத்திக்கு "நம்பிக்கை" என்று பெயர். பிறந்தவர் மீண்டும் வருவார் என்ற நம்பிக்கை!

இந்த வழக்கம் எப்படி வந்தது? ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில், விகெர்ன் என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்களாம். 1839-ல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்தார். ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்தி, மற்ற நாளுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்தி. தினம் ஒன்று ஏற்றினார். மீதி நாட்களைப் பிள்ளைகளே எண்ணிக்கொண்டார்கள்.