அன்னமும் நெய்யரியும்: மின்னஞ்சலை ஆளுக்கேற்ப வடித்தல்

பவணந்தி முனிவர் நன்னூலிலே மாணாக்கரை வகுத்துரைக்குமிடத்து, தலைமாணாக்கருக்கு அன்னத்தையும் கடைமாணாக்கருக்கு நெய்யரியையும் உவமை காட்டினார். நீரை நீக்கிப் பாலைக் கொள்வது அன்னம். நெய்யை ஒழுகவிட்டு மண்டியைப் பற்றிக்கொள்வது நெய்யரி. பிரித்தல் என்னுந் தொழில் இரண்டிற்கும் பொது. எதனைக் கொள்கின்றது, எதனை விடுகின்றது என்பதிலேதான் உயர்வும் இழிவும் உள. நாடோறும் வந்து குவியும் மின்னஞ்சலைப் பிரிக்கும் பொறிக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். அஞ்சற் சேவையகத்திலே பயனர் ஒவ்வொருவருக்கும் தனி வடிகட்டி அமைக்கும் முறையை ஈண்டு நாம் விளக்கப் புகுகின்றோம்.

வேண்டாத மடல் புதிய தொல்லையன்று. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், கேரி துர்க் என்னும் கணினி விற்பனையாளர் ஆர்ப்பாநெற் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதனையே இவ்வகை மடல்களுள் முதலாவதென்பர். அன்று தொட்டு இவை பெருகின. இவற்றைத் தடுக்கும் வடிகட்டிகளும் பெருகின. ஆயின், எல்லார்க்கும் ஒரே வடிகட்டி என்பது பொருந்தா முறை. நூல் வெளியீட்டாளரின் விலைப்பட்டியல் கணக்காளருக்குக் குப்பை. நூலகருக்கோ அது தேவை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அறிவித்தல் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு வேண்டாதது. புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் மாணவனுக்கோ அதுவே எதிர்காலம்.

மடல் வரும் வழியை முதற்கண் அறிதல் வேண்டும். வெளியிலிருந்து வரும் மடலை வாயிலில் நின்று ஏற்பது போஸ்ற்பிக்ஸ் போன்றதொரு செயலி. வீற்சா வெனெமா என்பார் ஆக்கிய இச்செயலி 1998இல் வெளிவந்தது. மடலைப் பயனரின் பெட்டியில் இட்டு, அவர் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது டவ்கொற். இதனை ஆக்கியவர் பின்லாந்து நாட்டவரான ரிமோ சிரைனன். வெளிவந்த ஆண்டு 2002. முன்னது பின்னதற்கு மடலைக் கையளிக்கும் நெறிமுறை எல்.எம்.ரி.பி. எனப்படும். வழக்கமான எஸ்.எம்.ரி.பி. நெறிமுறையில் ஒரு மடல் பத்துப் பேருக்குரியதாயினும் அதனைப் பெற்றதும் கூறப்படும் விடை ஒன்றே. எல்.எம்.ரி.பி.யிலோ பெறுநர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விடை உண்டு. ஆதலின் ஆளுக்கேற்ப வடித்தற்கு உரிய இடம் தபாற் கந்தோரின் வாயிலன்று. மடல்களைப் பெயர்வாரியாகப் பிரித்தடுக்கும் மேசையே என்க.

அம்மேசையிலே பணிபுரிவது சீவ் என்னும் சிறிய விதிமொழி. அப்பெயரின் பொருளே அரிதட்டு என்பதாம். ரிம் ஷோவால்ற்றர் வரைந்த இதன் இலக்கணம் 2001இல் வெளிவந்து, 2008இல் திருத்தம் பெற்றது. டவ்கொற் செயலிக்குப் பிஜன்ஹோல் என்னும் இணைப்பு இம்மொழியை அளிக்கின்றது. அமைப்போர் செய்யவேண்டியவை மூன்று. ஒன்று, டவ்கொற்றின் எல்.எம்.ரி.பி. பகுதியில் சீவ் இணைப்பை இயங்கச் செய்தல். இரண்டு, பயனர் ஒவ்வொருவரின் விதிக்கோப்பும் அவரவர் கோப்புறையில் அமையுமாறு இடங்குறித்தல். மூன்று, மனேஜ்சீவ் என்னும் சேவையை 4190ஆம் துறையில் திறந்துவைத்தல். இம்மூன்றாவதனால், ரவுண்ட்கியூப் போன்ற அஞ்சல் முகப்பிலிருந்தே பயனர் தம் விதிகளைத் தாமே எழுதலாம். விதிக்கோப்பு யூனிகோட் எழுத்தில் அமைவதால், ‘பொருள் வரியில் பழைய மாணவர் சங்கம் என்னுந் தொடர் இருப்பின், மடலைச் சங்கம் என்னுங் கோப்புறையில் இடுக’ என்றவாறு தமிழ்ச் சொல்லைத் தேடவும் கட்டளையிடலாம்.

பலரும் எழுதும் விதிகளால் சேவையகம் பழுதுறாதோ என வினவுவாரும் உளர். அவ்வச்சம் வேண்டா. சீவின் அடிப்படை மொழியிலே மீண்டும் மீண்டும் சுழலும் கட்டளை இல்லை. வேறு செயலியை ஏவுங் கட்டளையும் இல்லை. மேலும், விதி எதுவும் பொருந்தாவிடினும், விதியிற் பிழை நேரினும், மடல் அழிவதில்லை. உள்பெட்டியில் வந்து தங்கும். ஐயமெனின் காத்துவைக்க என்பதே இம்மொழியின் முதல் அறம்.

இனி, பலர் கவனியாது விடும் நுட்பம் ஒன்று உண்டு. நிருவாகி எழுதும் பொது விதியைப் பயனரின் விதிக்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ‘குப்பை எனக் குறியிடப்பட்ட மடலைக் குப்பைக் கோப்புறையில் இடுக’ என்னும் பொது விதியை முன்வைப்பின், அவ்வாறு இடப்பட்ட மடலோடு வேலை முடிந்துவிடும். பயனரின் விதிக்கு வாய்ப்பே இல்லை. அதனைப் பின்வைப்பின், பயனரின் சொல் முந்தும். மாணவன் தன் விதியிலே பல்கலைக்கழக முகவரியைக் குறித்து, ‘இங்கிருந்து வருவதை உள்பெட்டியில் இடுக’ என எழுதிவிட்டால், பொது விதி அதனைத் தொடாது. ஆனால் ‘வைத்திருக்க’ என்று மட்டும் எழுதுதல் போதாது. அச்சொல் மடலை அடுத்த விதிக்கே அனுப்பும். ‘உள்பெட்டியில் இடுக’ எனக் கோப்புறையின் பெயர் கூறியே எழுதுதல் வேண்டும்.

இரண்டு கட்டளைகளில் மிக்க விழிப்பு வேண்டும். ‘ஒழிக்க’ என்னுங் கட்டளை மடலை ஓசையின்றி அழித்துவிடும். அனுப்பியவர் அது சேர்ந்ததென எண்ணியிருப்பர். பெறுநரோ அது வந்ததையே அறியார். தேடியெடுக்க ஒரு சுவடும் இராது. ‘மறுத்தனுப்புக’ என்னுங் கட்டளையோ வேறொரு தீங்கை விளைக்கும். குப்பை மடல்களின் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய்யாதலின், மறுப்பு மடல் யாதும் அறியாத பிறரைச் சென்று தாக்கும். ஆகவே இரண்டையும் விடுத்து, ஐயத்துக்குரியவற்றைத் தனிக் கோப்புறையிலே சேர்த்துவைத்தல் நன்று. குறித்த நாள், அதாவது 30 நாளென வைத்துக்கொள்வோம், கடந்தபின் அவற்றை நீக்குமாறு டவ்கொற்றுக்குப் பணிக்கலாம். பயனர் கிழமைக்கொரு முறையேனும் அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

குப்பைக் குறியிடும் ஸ்பாம்அசாசின் போன்ற செயலியும் ஆளுக்கேற்பக் கற்கவல்லது. பயனர் ஒருவர் இது நல்லது, இது தீயது எனக் காட்டுவனவற்றிலுள்ள சொற்களை எண்ணி, நிகழ்தகவு கொண்டு அது தீர்மானிக்கும். ஆயினும் வழக்கமான அமைப்பில், நல்ல மடல் 200உம் தீய மடல் 200உம் கண்ட பின்னரே அக்கல்வியைப் பயன்படுத்தத் தொடங்கும். கற்பிப்பவர் பொறுமை கொள்ளாவிடின் பொறியும் கல்லாது.

கணினித் துறையிலே பணிபுரியும் பழைய மாணவரும், நாளை அப்பணியை ஏற்கவிருக்கும் இளைஞரும் இதனை மனங்கொள்க. நூறு குப்பை மடல் உட்புகுந்தால் ஒருவருக்குச் சில நிமிடமே வீண். உரிய மடல் ஒன்று தொலைந்தால் ஒருவனின் கல்வியே தொலையக்கூடும். குப்பையை எத்துணைத் தடுத்தது என்று மட்டும் பார்த்து வடிகட்டியை மெச்சுதல் தகாது. நல்லதை எத்துணைக் காத்தது என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.