ஓய்வுக்குப் பின் உடம்பும் கைக்காசும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் முப்பது வருடம் கொழுந்து பறித்த அல்லது இறப்பர் மரத்தில் பால் வெட்டிய ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து மலை ஏறிய கால்கள் அவருடையவை. ஓய்வு பெற்றதும் அந்த நடை நின்றுவிடுகிறது. கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் மட்டும் நிற்பதில்லை. உடம்பு பருக்கிறது. சீனி வருத்தமும் பிரஷரும் வந்து சேர்கின்றன. "பெரிய வருத்தம் வந்தால் செலவுக்கு என்ன செய்வேன்? காப்புறுதி எடுக்கலாமா?" என்ற பயமும் கூடவே வருகிறது.

1977, 1981, 1983 வன்செயல்களின்போது மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. வாசகிகளான உங்களில் சிலருக்குத் தாயோ அக்காவோ இன்னும் அங்கே இருக்கலாம். ஆகவே இது நம் வீட்டுக் கேள்வியும்தான்.

காப்புறுதிக்கு முன்

தனியார் மருத்துவக் காப்புறுதியில் வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். பல நிறுவனங்கள் வயது எல்லை வைத்துள்ளன. ஏற்கனவே உள்ள வருத்தத்துக்குப் பணம் கிடைக்காமலும் போகலாம். எத்தனை வயது வரை, எந்த வருத்தத்துக்கு, வருடம் எவ்வளவு என்று கேட்டு, படித்த ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

நமக்கு ஏற்கனவே உள்ளவற்றையும் எண்ணிப் பாருங்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். மாதாந்தக் கிளினிக்கில் மருந்தும் தருகிறார்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். இருதய சத்திரசிகிச்சை போன்ற பெருஞ்செலவுக்கு ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கேட்கலாம். 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க முடியும்.

உரிமைப் பணம்

ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் வேலையை விட்டதும் பெறலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் மருத்துவ உதவிகள் வேலையில் உள்ள அங்கத்தவருக்கே உரியவை. சத்திரசிகிச்சை தேவை என்று வைத்தியர் சொல்லியிருந்தால் ஓய்வுக்கு முன்பே விசாரியுங்கள்.

1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபாவை வைத்துக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 18,900 ரூபா. முப்பது வருடத்துக்கு 567,000 ரூபா. வேலை முடிந்து 30 நாட்களுக்குள் இதைக் கொடுக்க வேண்டும். தவறினால் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். இந்தப் பணத்தில் ஒரு பகுதியை மருந்துக்கும் பயணத்துக்கும் என்று தனியாக வங்கியில் போட்டு வையுங்கள்.

எடை எவ்வளவு?

150 சென்டிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 52 கிலோ வரை நல்லது. இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீற்றரைத் தாண்டாமல் இருக்க வேண்டும். உடனே பத்துக் கிலோ குறைக்க நினைக்காதீர்கள். 70 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் மூன்றரைக் கிலோ குறைத்தாலே சீனியும் பிரஷரும் இறங்க உதவும்.

ஒரு நாளைக்கு ஆறு கோப்பைத் தேத்தண்ணி, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் பன்னிரண்டு கரண்டி சீனி. முதலில் அதைப் பாதியாக்குங்கள். இரண்டு ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, கடலை, கௌபி அல்லது பருப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். லயத்தைச் சுற்றிக் கிடைக்கும் வல்லாரை, முருங்கைக் கீரையை நிறையச் சமையுங்கள். பலாக்காய் சமைக்கும் நாளில் சோற்றைக் குறையுங்கள். தினமும் அரை மணி நேரம் நடவுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொள்ளுங்கள். சீனி மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. முயற்சி செய்யாமலே எடை குறைந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அது இருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அடுத்த கிளினிக் நாளில் இடுப்பளவும் எடையும் பார்த்து, அந்தக் கொப்பியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.