கோடு போட்டால் ரகசியம் ஆகிவிடுமா?
வாக்கி டாக்கி, சி.பி. ரேடியோ வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்திற்கு



கடைக்கும் குடோனுக்கும் இடையே செல்போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு என்று சிலர் கேட்கலாம். சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பகுதியில் காலை நேரத்தில் லாரி நுழையும்போது நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். கடையில் முதலாளி, குடோனில் கணக்கர், லாரியருகே லோடுமேன் என மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒரு செய்தி போக வேண்டும். எண்ணைத் தேடி அழுத்தி, மணி அடித்து, எடுக்கும் வரை காத்திருக்க அங்கே நேரமில்லை. பட்டனை அழுத்தினால் பேச்சு போய்ச் சேர வேண்டும். அந்த வேலைக்கு ரேடியோ இன்றும் ஏற்றதுதான்.

ஆனால் இந்தச் செட்டுகளை வாங்கும்போது "இதில் பிரைவசி கோடு இருக்கிறது, நீங்கள் பேசுவது வெளியே கேட்காது" என்று சொல்லி விற்கிறார்கள். நாமும் அப்படி நம்பித்தான் இரண்டு செட்டுகள் வாங்கினோம். ஒரு நாள் ஜவ்வரிசி மூட்டைக்கு என்ன விலை வரை இறங்கலாம் என்று குடோனுக்குச் சொன்னோம். அரை மணியில் வந்த தரகர் அதே தொகையைச் சொல்லிப் பேரத்தைத் தொடங்கினார். அதன் பிறகே இந்தக் கோடு என்பது என்ன என்று விசாரித்தோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

ஏ.எம்., எஃப்.எம். வேறுபாடு

சி.பி. ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. அமெரிக்காவில் 1958-ல் இந்த அலைவரிசை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே ஏ.எம். முறையே வழக்கமாயிற்று, எஃப்.எம். முறைக்கு 2021-ல்தான் அனுமதி கிடைத்தது. பிரிட்டனிலோ 1981 நவம்பரில் சி.பி. சட்டப்படி வந்தபோதே எஃப்.எம். முறையில்தான் வந்தது.

ஏ.எம்.மில் குரலுக்கேற்ப அலையின் வலிமை ஏறி இறங்கும். மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கும், பழுதான டியூப் லைட்டும் கிளப்பும் தொல்லையும் வலிமையின் ஏற்ற இறக்கமாகவே வருவதால், அதுவும் பேச்சோடு சேர்ந்து ஒலிபெருக்கியில் கரகரக்கும். எஃப்.எம்.மில் வலிமை மாறாது, அதிர்வெண்தான் அசையும். ஆகவே ரிசீவர் வலிமையின் ஏற்ற இறக்கத்தை வெட்டி எறிந்துவிடும். கடைத்தெரு இரைச்சல் பெருமளவு குறையும். ஒரு செட் ஏ.எம்.மிலும் மற்றது எஃப்.எம்.மிலும் இருந்தால் பேச்சு தெளிவாக விளங்காது. இரண்டும் ஒரே முறையில் இருக்க வேண்டும்.

எஃப்.எம்.முக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரே சேனலில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால், வலிமையாக வருபவர் குரல் மட்டும் கேட்கும்; மற்றவர் குரல் அடியோடு மறைந்துவிடும். ஏ.எம்.மில் வரும் விசில் சத்தமாவது இருவர் மோதிக்கொண்டதைக் காட்டிக்கொடுக்கும். இங்கே அந்த அடையாளமும் இராது.

ஸ்கெல்ச்சும் டோனும்

யாரும் பேசாதபோது ரேடியோவில் வரும் "உஸ்" சத்தத்தை அடைப்பது ஸ்கெல்ச். குமிழைத் திருகிச் சத்தம் நிற்கும் இடத்தில் வைக்கிறோம். அதற்கு மேல் வலிமையுள்ள எந்த அலை வந்தாலும் கதவு திறக்கும். அது நம் ஆளா, அடுத்த தெருக்காரரா என்று அதற்குத் தெரியாது.

டோன் ஸ்கெல்ச் இதற்கு ஒரு காவலாளி. பேசும் செட் நம் குரலோடு ஒரு தாழ்ந்த ஒலியையும் சேர்த்து அனுப்பும். பெரும்பாலான செட்டுகளில் 67.0 முதல் 250.3 ஹெர்ட்ஸ் வரை 38 டோன்கள் இருக்கும். கேட்கும் செட், தனக்குச் சொல்லப்பட்ட டோன் வந்தால் மட்டுமே ஒலிபெருக்கியைத் திறக்கும். பிறகு அந்த டோனை வடிகட்டிவிடுவதால் நம் காதில் விழாது.

இங்கேதான் ஏமாற்றம். தெருவில் நின்று "முருகேசா!" என்று கூப்பிட்டால் முருகேசன் மட்டும் திரும்பிப் பார்ப்பார், ஆனால் தெரு முழுக்கக் கேட்கும். டோன் என்பது அந்தப் பெயர்தான். டோன் போட்டால் மற்றவர் பேச்சு நம் செட்டில் கேட்காது. நம் பேச்சு மற்றவர் செட்டில் கேட்பதை அது தடுக்காது. டோன் போடாமல் அதே சேனலில் செட்டை வைத்திருக்கும் எவரும் நம் பேச்சை முழுமையாகக் கேட்கலாம்.

நாமக்கல் முட்டைக்கு அறிவிக்கப்படும் விலை ஊரறிந்தது. அதிலிருந்து எத்தனை பைசா குறைத்து நீங்கள் வாங்குகிறீர்கள் என்பது ஊரறிய வேண்டியதில்லை. விலை, கடன் பாக்கி, ரொக்கம் எடுத்துச் செல்லும் நேரம், கடையில் ஆள் இல்லாத நேரம் ஆகியவற்றை ரேடியோவில் பேசவே கூடாது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை

1. பேசுமுன் மானிட்டர் பட்டனை அழுத்திக் கேளுங்கள். டோன் போட்டிருந்தால், சேனலில் வேறொருவர் பேசிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் குறுக்கே பேசினால் இருவர் செய்தியும் கெடும்.

2. கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "நாற்பது மூட்டை ஏற்று" என்றால் "நாற்பது, சரி" என்று பதில் வரட்டும். பதில் வராவிட்டால் செய்தி சேரவில்லை என்றே கொள்ளுங்கள்.

3. டோனின் வரிசை எண்ணை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 12-ம் எண் மற்றொன்றில் வேறாக இருக்கலாம். ஹெர்ட்ஸ் அளவைப் பார்த்து ஒன்றாக வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் இரட்டிப்பான 100.0 டோனைத் தவிர்ப்பது நல்லது.

4. செட் "செத்துவிட்டது" என்று மெக்கானிக்கிடம் கொண்டு போகுமுன் இரண்டிலும் டோனை நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள். அனுப்பும் டோன் ஒன்றும் வாங்கும் டோன் வேறொன்றுமாக இருப்பதே பல நேரம் காரணமாக இருக்கும். தூரத்தில் அலை மெலிந்தாலும் டோன் பிடிபடாமல் போகலாம்.

5. சேலம் நகரைச் சுற்றி மலைகள் உள்ளன. கைச் செட்டை வைத்துக்கொண்டு நாமக்கல் வரை பேசலாம் என்று எண்ண வேண்டாம். கடைத்தெரு அளவுக்குத்தான் அது. சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் 27 மெகாஹெர்ட்ஸில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து அந்நியக் குரல்கள் வந்து விழும். அவை நம் செட்டில் ஒலிக்காமல் தடுக்க டோன் நன்றாக உதவும்.

சட்டம் சொல்வது

26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மேற்படாத செட்டுகளுக்கு இந்தியாவில் உரிமம் வேண்டாம் என்று 2005-ல் விதி வந்தது. 40 சேனல் செட்டில் 1 முதல் 27 வரையே இந்த எல்லைக்குள் அடங்கும். 28 முதல் 40 வரை வெளியே. இதே அலைவரிசையில் பிளாஸ்டிக் ஒட்டும் தொழில் இயந்திரங்களும் 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. அருகில் அப்படி ஒன்று இருந்தால் 13, 14, 15 சேனல்களை விட்டு விலகுங்கள். உரிமமில்லாப் பயன்பாட்டில், பிறரால் தொல்லை என்று பாதுகாப்புக் கோர முடியாது. பிறருக்குத் தொல்லை தரவும் கூடாது.

சிறிய கைச் செட்டுகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை 2018-ல் உரிம விலக்கு கிடைத்தது. இவை எஃப்.எம். முறையில் இயங்குபவை, மேலே சொன்ன டோன் விவரமெல்லாம் இவற்றுக்கும் பொருந்தும். எந்த அலைவரிசைக்கும் திருப்பக்கூடிய மலிவான செட்டுகள் இந்த விலக்கில் சேரா.

எந்தச் செட்டானாலும் இ.டி.ஏ. எனப்படும் வகை ஒப்புதல் உள்ளதா என்று கேட்டு, பில்லுடன் வாங்குங்கள். நம்மில் ஃபேன்சி பொருள்களோடு வாக்கி டாக்கியும் விற்பவர்களுக்கு இது மேலும் முக்கியம். ஆன்லைன் தளங்களில் முறையற்ற வாக்கி டாக்கி விற்பனையைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. வாடிக்கையாளரிடம் "ரகசியமாகப் பேசலாம்" என்று சொல்லி விற்காதீர்கள். அது உண்மையல்ல.

மூட்டைக் கணக்கை ரேடியோவில் பேசுவோம். விலையைக் கடைக்குள் உட்கார்ந்து பேசுவோம்.