குடல் போனால் டிரிப் போதுமா?

குடலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்து, அண்ணனின் சிறுகுடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். இனி ஆயுள் முழுக்க குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே வாழ முடியுமா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வாழ முடியும். ஆனால் அவர் மனதில் இருக்கும் குளுக்கோஸ் அதற்குக் காணாது.

வார்டில் தொங்கும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரைதான். கிடைப்பது சுமார் 170 கலோரி, மூன்று இட்லி அளவு. அதை மட்டும் நம்பினால் நாளுக்கு 10 லிட்டர் ஏற்ற வேண்டும்; இதயம் தாங்காது. கெட்டியாக்கி ஏற்றினால் கையிலுள்ள சிரை வெந்து வீங்கிவிடும். அதனால் மார்புக்கு மேலே மெல்லிய குழாயை நுழைத்து, இதயத்துக்குள் இறங்கும் பெருஞ்சிரையில் அதன் நுனியை நிறுத்துகிறார்கள். அங்கே ரத்தம் பாயும் பாய்ச்சலில் கெட்டிக் கரைசல் நொடியில் நீர்த்துப்போகும். பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் இம்முறையில் பீகிள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் காட்டியதும், ஸ்வீடனில் அர்விட் ரெட்லிண்ட் சிரையில் ஏற்றத்தக்க சோயா எண்ணெய்க் கலவை செய்ததும் 1960-களில். வரலாறு இவ்வளவு போதும்.

எனக்கு வியப்பு தருவது இப்படிச் சிரைவழியே சத்து ஏற்றும் பையில் இல்லை, மிச்சமிருக்கும் குடலில் இருக்கிறது. பிரான்சில் மெசிங் குழுவினர் குடல் குறுகிய 124 பேரைத் தொடர்ந்து கவனித்து 1999-ல் எழுதினார்கள். 5 ஆண்டுக்குப் பின்னும் உயிரோடிருக்கும் வாய்ப்பு 75 சதவீதம். பையை நம்பியே இருக்கும் வாய்ப்பு 45 சதவீதம்தான். பை நிரந்தரமாகும் எல்லைகளையும் சொன்னார்கள். சிறுகுடலை வயிற்றில் வாய்வைத்து வெளியே விட்டவருக்கு 100 செ.மீ.க்குக் கீழ், பெருங்குடலோடு இணைத்தவருக்கு 65, சிறுகுடலின் கடைசித் துண்டும் தப்பியிருந்தால் 30.

செரிமானமே செய்யாத பெருங்குடலுக்கு இத்தனை மதிப்பு ஏன்? பாசனக் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமடை வயல்கள் குடிக்காமல் விட்ட தண்ணீர் கடைமடைக்கு வருகிறது. இந்தக் கடைமடைக்காரர் அதை வீணாக்குவதில்லை: தப்பி வந்த சோற்று மாவை அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பமிலங்களாக்க, குடல்சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. நாளுக்கு 1000 கலோரி வரைகூட இப்படி மீளும். அதோடு நிற்காமல் மேலே ஆளும் அனுப்புகிறார். ‘மதகைத் தாழ்த்து, வேகத்தைக் குறை’ என்பது ஒரு சேதி. ‘வயலுக்கு வரப்பு கூட்டு, இன்னும் குடிக்கப் பழகு’ என்பது இன்னொன்று. இரண்டாவது சேதியைக் கொண்டுபோவது ஜிஎல்பி-2 என்ற ஹார்மோன். அது ரத்தத்தில் சேர்ந்ததும் சிறுகுடல் உட்சுவரின் விரல் போன்ற நீட்சிகள் நீள்கின்றன, அவற்றுக்கு இடையிலுள்ள குழிகள் ஆழமாகின்றன. குடல் நீளாமலே உறிஞ்சும் பரப்பு பெருகுகிறது. கடைமடையே இல்லாத கால்வாயில் சேதி சொல்ல ஆளேது?

சேதி கிளம்பவும் உணவு வர வேண்டும். பையில் முழுச் சத்தும் போனாலும் வாயாலும் சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

இந்த ஹார்மோனில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, சில நிமிடங்களில் சிதையாதபடி செய்த மருந்துதான் டெடுகுளுடைடு. 2012-ல் அனுமதி கிடைத்ததும் ‘குடலை வளர்க்கும் ஊசி’ என்ற பேச்சு கிளம்பியது. சோதனையை உற்றுப் பாருங்கள். ஏற்றும் திரவம் 20 சதவீதமாவது குறைந்தால் வெற்றி என்று வைத்தார்கள். மருந்து பெற்றவர்களில் 63 சதவீதம் பேர் வென்றார்கள். போலி ஊசி பெற்றவர்களிலும் 30 சதவீதம் பேர் வென்றார்கள். வாரத்தில் ஓரிரு இரவு பையில்லாமல் தூங்குவது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பையை அடியோடு விட்டவர்கள் சிலரே. விலையோ ஏழை நோயாளி எட்டிப்பார்க்க முடியாதது.

வீட்டில் பை ஏற்றுபவர்களில் பலர் இறப்பது குடலைப் பறித்த அடிப்படை நோயால்தான். பையால் வரும் ஆபத்தில் முதலில் அஞ்சவேண்டியது குழாய் வழியே ரத்தத்தில் கலக்கும் கிருமி. குழாயின் வாயை ஒவ்வொரு முறையும் கை கழுவி, கிருமிநாசினியால் தேய்த்து, உலரவிட்டுத் திறக்கும் வீட்டுக்காரரின் பொறுமை இங்கே எந்தப் புது மருந்துக்கும் சளைத்ததில்லை. அடுத்தது கல்லீரல் பாதிப்பு.

வாசகிக்கு ஒன்று சொல்வேன். அறுவைசிகிச்சைக் குறிப்பின் நகலை வாங்குங்கள். மிஞ்சியது எத்தனை செ.மீ., பெருங்குடல் எவ்வளவு இருக்கிறது என்று அதில் பாருங்கள். அண்ணனுக்கு வயிற்றில் வாய் வைத்திருந்தால், அதை மூடிப் பெருங்குடலோடு இணைக்க முடியுமா, எப்போது என்று சர்ஜனிடம் கேளுங்கள்.