சராசரிக்குள் மறையும் தெரு

விருதுநகர் மாவட்டத்துக்குக் கணக்கு புதிதல்ல. மத்திய அரசு 2018 ஜனவரியில் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில், தமிழகத்திலிருந்து இடம்பெற்ற இரண்டு மாவட்டங்களில் ஒன்று விருதுநகர். மற்றொன்று ராமநாதபுரம். சுகாதாரம், கல்வி, விவசாயம், நிதிச் சேவை, அடிப்படை வசதி என 49 அளவுகோல்களில் நிதி ஆயோக் மாதந்தோறும் மதிப்பெண் போடுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான பட்டியலில், வேகமாக முன்னேறிய மாவட்டம் என்று நாட்டிலேயே முதலிடம் பிடித்தது விருதுநகர்.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்த எண்கள் மாவட்டம் முழுமைக்குமான எண்கள். எம். புதுப்பட்டியைப் போன்ற ஒரு கிராமத்தில் தலித் மக்கள் வசிக்கும் தெருவில் என்ன நடந்தது என்று அவற்றைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

85 சதவீதத்தின் ரகசியம்

ஒரு கற்பனைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 400 வீடுகள். ஊருக்குள் 300, காலனியில் 100. ஊரில் 300 வீட்டுக்கும் குடிநீர்க் குழாய் இருக்கிறது. காலனியில் 40 வீட்டுக்கு மட்டும்தான். மொத்தம் 340 வீடுகள், அதாவது 85 சதவீதம். அறிக்கையில் "நன்று" என்று எழுதிவிடுவார்கள். காலனியை மட்டும் தனியாகக் கணக்கிட்டால் 40 சதவீதம்தான். குடத்தோடு நடக்கும் 60 குடும்பங்கள் அந்த 85-க்குள் காணாமல் போய்விடுகின்றன.

தரவுப் பகுப்பாய்வு என்று இன்று பெரிதாகப் பேசப்படுவதன் முதல் பாடம் இதுதான்: மொத்தத்தைப் பிரித்துப் பார். இதற்குப் பெரிய கணினி வேண்டாம். அட்டவணையில் கூடுதலாக ஒரு கட்டம் போதும்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் அறிவித்தார். இழிவைச் சுமந்த பெயர் போவது நல்லது. ஆனால் பெயரோடு சேர்ந்து அந்தத் தெருவின் தனிக் கணக்கும் போய்விடக் கூடாது.

இறந்தவர்கள் எண்ணிக்கை மட்டும் போதுமா?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2023 அக்டோபர் 17, எம். புதுப்பட்டி காவல் எல்லைக்குட்பட்ட ரெங்கபாளையம். ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு நிவாரணம் என்பது செய்தியாகிறது. பிறகு அடுத்த விபத்து வரை அமைதி.

இந்த விபத்துகளை ஒரே அட்டவணையில் வரிசைப்படுத்திப் பாருங்கள். எந்த மாதம், பகலில் எத்தனை மணி, மருந்து கலக்கும்போதா, அடைக்கும்போதா, அறையில் அனுமதித்த எண்ணிக்கையை மீறி ஆட்கள் இருந்தார்களா, உரிமம் பெற்றவரே நடத்தினாரா, உள்குத்தகைக்கு விட்டாரா, இறந்தவர் தினக்கூலியா, பீஸ் ரேட்டா, எந்தத் தெருவிலிருந்து வந்தவர். இந்த விவரங்கள் சேர்ந்தால், எந்த வகை ஆலையில், எந்தப் பருவத்தில் ஆபத்து கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும். கணினி மாதிரி என்பதன் பொருள் அவ்வளவே. ஆய்வாளர்கள் எங்கே முதலில் போக வேண்டும் என்பதை அது சொல்லும். நிலம் இல்லாமல், மாற்று வேலை இல்லாமல், ஆபத்தான அறைக்கு யார் தள்ளப்படுகிறார்கள் என்பதையும் அதே அட்டவணை காட்டிவிடும்.

சட்டமே கேட்கும் வரைபடம்

முன்கணிப்பு என்பது நமக்குப் புதிய கோரிக்கையும் அல்ல. 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்காக 1995-ல் வகுக்கப்பட்ட விதிகளில், 3-வது விதி, வன்கொடுமை நிகழ வாய்ப்புள்ள பகுதிகளை அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும் என்கிறது. 17-வது விதி, ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது. பதிவான வழக்குகளோடு கோயில் நுழைவு, சுடுகாட்டுப் பாதை, தேநீர்க் கடை, திருவிழா ஊர்வலம் தொடர்பான புகார்களையும் வரைபடத்தில் குறித்தால், அடுத்த மோதல் எங்கே புகைகிறது என்பது தெரியும்.

ஒன்றை மறக்கக் கூடாது. வழக்கு பதிவாகாத ஊர் அமைதியான ஊர் என்று பொருளல்ல. புகார் கொடுக்கவே அஞ்சும் ஊராகவும் அது இருக்கலாம். பூஜ்யத்தையும் விசாரிக்க வேண்டும்.

எண்கள் வாங்கித் தந்த உரிமை

1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், தம் மக்களின் கல்வி, நிலம், தொழில் பற்றிய கணக்குகளை வண்ண வரைபடங்களாக்கி உலகத்தின் முன் வைத்தார். பொருளாதாரம் படித்த அம்பேத்கரும் புள்ளிவிவரத்தை ஆயுதமாக ஏந்தியவர்தான்.

நம் மாநிலத்திலும் சான்று உண்டு. நீதிபதி ஜனார்த்தனம் குழு அருந்ததியரின் நிலையை ஆராய்ந்து பரிந்துரை தந்த பிறகே, 2009-ல் 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உள் ஒதுக்கீடு செல்லும், ஆனால் அதற்குத் தரவு ஆதாரம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இயந்திரம் தவறினால்?

எச்சரிக்கையும் தேவை. தெலங்கானாவில் 18 லட்சத்துக்கும் அதிகமான ரேஷன் அட்டைகள் முன்னறிவிப்பின்றி ரத்தாயின. கணினி தகுதியற்றவர் என்று ஒதுக்கிய குடும்பங்களில் உண்மையான ஏழைகளும் இருந்தார்கள். வீடு வீடாகச் சென்று மீண்டும் சரிபார்க்க 2022-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எனவே கணினியின் கணிப்பு உதவி கொண்டுசேர்க்கப் பயன்படட்டும். உரிமையைப் பறிக்கப் பயன்பட வேண்டாம். ஒருவர் பெயரை நீக்கும் முன் ஒரு மனிதர் நேரில் சென்று பார்க்க வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் தொடங்கலாம்

மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் கிராம வாரி அட்டவணையில் பட்டியல் சாதியினர் எண்ணிக்கை தனியாகவே இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மற்ற விவரங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். குழாய், தெருவிளக்கு, கழிப்பறை, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் என நான்கே கேள்விகளோடு தெருத்தெருவாகச் சென்று கணக்கெடுங்கள். ஊர் ஒரு கட்டம், காலனி ஒரு கட்டம் என எழுதுங்கள். பெயர், சாதி, செல்போன் எண்ணை வெளியே பகிர வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும்.

அந்த ஒரு பக்கத் தாளைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு வாய்ப்புகள் இருக்கின்றன. "எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை" என்ற குரலுக்கு "பார்க்கிறோம்" என்று பதில் வரும். "எங்கள் தெருவில் 100-க்கு 60 வீட்டுக்குக் குழாய் இல்லை" என்பது தீர்மான ஏட்டில் ஏறிவிட்டால், அதற்குத் தேதியோடு பதில் சொல்லியாக வேண்டும்.