கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றமும் கந்தூரிச் சோறும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளி, 16ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் நாகூரில் வாழ்ந்து அங்கேயே அடங்கிய ஷாஹுல் ஹமீது நாயகத்தின் நினைவாக எழுந்த தர்ஹா. இங்கு ஆண்டுதோறும் ஹிஜ்ரி நாட்காட்டியின் ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையில் கொடியேறும். விழா பன்னிரண்டு நாள் நீடிக்கும். இரு நூற்றாண்டு வழக்கம் இது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால், விழா ஆண்டுக்காண்டு முன்னகரும்.

கொடியேறியதும் கடற்கரை மணலில் தற்காலிகக் கடைகள் முளைக்கும். கச்சான், பூந்தி, மஸ்கட், தொதல், பேரீச்சம்பழம் ஆகியவை குவிந்திருக்கும். மருதமுனை போன்ற அயலூர்களிலிருந்து குடும்பங்கள் மாலையில் வந்து, கடற்காற்று வாங்கி, தின்பண்டப் பொதிகளோடு வீடு திரும்பும். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் மணிக்கணக்கில் கிளறி, எண்ணெய் பிரிந்ததும் இறக்குவது தொதல். கோதுமை மாவைக் கரைத்துத் தெளியவைத்த பாலில் செய்யும் மஸ்கட், கண்ணாடிபோல் மினுங்கும்.

விழாவின் நிறைவு கந்தூரி. நேர்ச்சையாக வரும் அரிசியையும் இறைச்சியையும் பெரிய கிடாரங்களில் சமைத்து, வந்தவர் எவருக்கும் வழங்குவார்கள். கடைப்பண்டத்துக்கு விலை உண்டு. கந்தூரிச் சோற்றுக்கு விலை இல்லை.